எந்த ஊர் என்று கேட்டால்

செகந்திராபாத்தில் பத்மராவ் நகர் என்று ஒரு பகுதி உண்டு. அங்கே ஸ்கந்தகிரி என்னும் குன்றின்மேல் முருகன் கோயில் கொண்டிருக்கிறான். கிருத்திகை நாள் மாலையில் அந்தப் படிகளில் ஏறுவோருக்குத் தாம் தெலுங்கு நாட்டின் நடுவே இருப்பதே மறந்து போகும். மல்லிகை மணமும், திருநீற்று மணமும், "கொஞ்சம் வழி விடுங்க" என்னும் குரலும் சேர்ந்து நம்மைப் பழனிக்கோ சுவாமிமலைக்கோ கொண்டு சேர்த்துவிடும். தரிசனம் முடித்துச் சற்று உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் நம்மைப் பார்ப்பார். நாம் அவரைப் பார்ப்போம். அடுத்து வரும் கேள்வி இன்னது என்பது நேயர்களுக்குத் தெரியாததன்று. "உங்களுக்கு எந்த ஊர்?"

இந்தக் கேள்விக்கு இந்நகரில் நீண்ட வரலாறு உண்டு. நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806-ஆம் ஆண்டில் செகந்திராபாத் என்று பெயர் பெற்ற படைவீட்டு நகரம் இது. சென்னைப் பட்டாளத்தோடு வந்தவர்கள், பட்டாளத்துக்குச் சரக்கு வழங்க வந்தவர்கள், பிறகு லாலாகுடா ரயில்வே பட்டறைக்கு வந்தவர்கள் என்று தலைமுறை தலைமுறையாகத் தமிழர் இங்கே வேரூன்றியிருக்கின்றனர். மாரேட்பள்ளியிலும் திருமலகிரியிலும் நான்காம் தலைமுறைத் தமிழ்க் குடும்பங்களைக் காணலாம். 1998-ஆம் ஆண்டில் ஹைடெக் சிட்டியின் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டபின், கணிப்பொறித் தொழிலை நாடி மற்றோர் அலை வந்தது. வந்தவர்களுக்கு ஊர் உண்டு. இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு?

சில மாதங்களுக்கு முன் ஒரு கிருத்திகையன்று நாம் நேரில் கண்டதைக் கூறுகிறோம். எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர், அருகே அமர்ந்திருந்த இளைஞனிடம் மேற்படி கேள்வியைக் கேட்டார்.

"இந்த ஊர்தான், ஐயா."

"அது சரி, தம்பி. சொந்த ஊர்?"

"தாத்தாவுக்குத் திருச்சிப் பக்கம். நான் போனதில்லை."

"என்ன படிப்பு? எந்தக் கம்பெனி?"

இளைஞன் இரண்டுக்கும் இரண்டு சொற்களில் விடை சொன்னான். பெரியவர் தலையை ஆட்டினார். அதன்பின் இருவருக்கும் பேச ஒன்றும் இல்லை. இளைஞனின் கை சட்டைப் பையில் இருந்த தொலைபேசியை நாடிவிட்டது. நமக்கு இந்த மௌனம் என்னவோபோல் இருந்தது. ஆகவே சற்றுத் துணிந்து, "வேலை முடிந்து வீட்டுக்குப் போனபின் பொழுது எப்படிப் போகிறது, தம்பி?" என்று கேட்டுவைத்தோம்.

அவ்வளவுதான், அவன் முகமே மாறிவிட்டது. வீட்டில் ஒரு பெட்டி செய்துகொண்டிருக்கிறானாம். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்னக் கணிப்பொறிப் பலகை, கோட்டியில் உள்ள குஜராத்தி கல்லியில் வாங்கிய சில குமிழ்கள், கம்பிகள், பழைய விசைப்பலகை ஒன்று: இவற்றைக் கொண்டு இசை எழுப்ப முயல்கிறானாம். "சிந்தசைசர் மாதிரி, ஆனால் நம்ம ராகம் வாசிக்கணும்" என்றான். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் தென் மத்திய ரயில்வேயில் சைகை, தந்திப் பிரிவில் உழைத்து ஓய்வு பெற்றவர் என்பதும், வாலிபத்தில் டிரான்சிஸ்டர் ரேடியோக்களைத் தம் கையாலேயே பூட்டியவர் என்பதும் அப்போதுதான் தெரிய வந்தன. அன்று கோயில் நடை சாத்தும் வரையில் அவ்விருவர் பேச்சும் ஓயவில்லை.

பெயர், ஊர், படிப்பு, உத்தியோகம் ஆகியவை விலாசம் எழுதப் பயன்படும். ஒருவர் பணமும் பதவியும் கருதாமல், தூக்கத்தையும் குறைத்துக்கொண்டு எதைச் செய்கிறாரோ அதைச் சொல்லும்போதுதான் ஆளே நம் எதிரில் வந்து நிற்கிறார். ஆனால் அதைச் சொல்லும் முறை ஒன்று உண்டு. நாம் இளமையில் ஓர் உத்தியோகத்துக்கு மனுப் போட்டபோது, பொழுதுபோக்கு என்ற இடத்தில் "நூல் படித்தல், இசை கேட்டல்" என்று எழுதிவைத்தோம். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். நேர்முகத்தில் ஒருவர், "கடைசியாகப் படித்த நூல் எது?" என்று கேட்டார். நமக்கு வியர்த்துக் கொட்டியது. உத்தியோகமும் கிடைக்கவில்லை. இன்றைய பிள்ளைகள் "கணிப்பொறி, மியூசிக்" என்று இரண்டு சொல்லோடு நிறுத்தினால் அதுவும் நம் பழைய மனுவுக்கு ஒப்பானதே. "தோடி ராகத்தின் காந்தாரத்தைக் கணிப்பொறிக்குக் கற்றுக்கொடுக்க முயல்கிறேன், வரவில்லை" என்று ஒருவன் சொன்னால், கேட்பவருக்கு மறுகேள்வி பிறக்கும். வராததைச் சொல்வதும் நல்ல அறிமுகமே என்பது நம் அபிப்பிராயம்.

முகம் காணாமலே பொழுதுபோக்கின் வாயிலாக ஒருவரை ஒருவர் அறியும் வழக்கம் கணிப்பொறிக்கும் முந்தியது. அமெச்சூர் வானொலிக்காரர்கள் அதை ஒரு நூற்றாண்டுக் காலமாகச் செய்து வருகின்றனர். அவர்களுக்கு ஹைதராபாத் முக்கியமான ஊர். தேசிய அமெச்சூர் வானொலி நிலையம் 1983-ஆம் ஆண்டில் இங்கேதான் நிறுவப்பட்டது. பன்னிரண்டு வயது நிரம்பிய எவரும் தேர்வு எழுதி உரிமம் பெறலாம். உரிமம் பெற்றவருக்கு ஓர் அழைப்புக்குறி உண்டு. இந்தியர்களின் குறிகள் பெரும்பாலும் வி.யு. என்று தொடங்கும். பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் வி.யு.2 ஆர்.ஜி. என்னும் குறியோடு வானில் பேசியவர்தாம். அந்த உலகில் பிரதமருக்கும் பள்ளி மாணவனுக்கும் அறிமுகச் சடங்கு ஒன்றே.

அந்தச் சடங்கைச் சற்றுக் கவனிக்க வேண்டும். முதலில் அழைப்புக்குறி. அடுத்துத் தம்மைப் பற்றிய பேச்சு வருவதில்லை. "உம் குரல் எனக்கு இவ்வளவு தெளிவாக, இவ்வளவு வலுவாகக் கேட்கிறது" என்னும் மதிப்பீடு வருகிறது. தெளிவுக்கு ஐந்து வரையிலும், வலிமைக்கு ஒன்பது வரையிலும் எண் கொடுப்பார்கள். அதன் பிறகே பெயரும் ஊரும். அதற்கும் பிறகு, தாம் வைத்திருக்கும் கருவி என்ன, ஆன்டெனா எத்தகையது, அதைத் தாமே கட்டினாரா என்ற விவரங்கள். எதிரில் இருப்பவர் தமக்கு எப்படிக் கேட்கிறார் என்பதைச் சொல்லிவிட்டுத் தம்மைச் சொல்லத் தொடங்கும் இந்த மரபு, மேடையேறித் தம் பட்டங்களை அடுக்கும் நம்மில் பலருக்கு நல்ல பாடம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அமெச்சூர் அலைவரிசையில் வியாபாரம் பேசக்கூடாது, இசையும் ஒலிபரப்பக்கூடாது. பாட்டைப் பற்றி மணிக்கணக்காகப் பேசலாம். பாட்டை அனுப்பத்தான் தடை.

வெறும் பேச்சு விளையாட்டுத்தானே என்று நினைப்பவர்களுக்கு 2004-ஆம் ஆண்டை நினைவூட்ட வேண்டும். அவ்வாண்டு டிசம்பரில், பாரதி பிரசாத் என்னும் பெண்மணியின் தலைமையில் ஹைதராபாத் நிலையத்தின் குழு ஒன்று அந்தமானுக்குச் சென்றது. பல்லாண்டுகளாக அந்தத் தீவுகளிலிருந்து அமெச்சூர் ஒலிபரப்புக்கு அனுமதி கிடைத்ததில்லை. ஆகவே உலகெங்கும் உள்ள பொழுதுபோக்காளர்கள் அந்தமானோடு ஒரு முறையேனும் பேசிவிட வேண்டும் என்று காத்துக் கிடந்தனர். போர்ட் பிளேரில் நிலையம் அமைத்து, அழைப்புக்குறியும் மதிப்பெண்ணும் பரிமாறிக்கொண்டிருந்தபோது டிசம்பர் 26-ஆம் நாள் காலையில் நிலம் நடுங்கிற்று, கடல் பொங்கிற்று. தொலைபேசிகள் ஊமையாயின. பொழுதுபோக்குக்காகக் கொண்டுசென்ற அதே கருவிகள், தீவுகளில் உள்ளோர் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கவும் சொல்லவும் பயன்பட்டன. அமெச்சூர்கள் கார் நிக்கோபாருக்கும் கருவிகளோடு சென்றனர். அந்தமானில் தமிழர் பலர் வாழ்கின்றனர் என்பது நேயர்கள் அறிந்ததே. எத்தனையோ தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு செய்திக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். அதிலும் ஹைதராபாத்துக்குப் பழைய உரிமை உண்டு. 1967-ஆம் ஆண்டில் இங்கே நிறுவப்பட்ட மின்னணுவியல் கழகம் (நகரத்தார் இ.சி.ஐ.எல். என்றே அழைப்பர்) டி.டி.சி. 12 என்னும் கணிப்பொறியைச் செய்து வழங்கியது. டிராம்பே அணுசக்தி நிலையத்தில் உருவான பொறி அது. நம் நாட்டார் தாமே வடிவமைத்துச் செய்த முதல் கணிப்பொறிகளுள் ஒன்று. அந்தக் கழகத்தை வளர்த்த ஏ. எஸ். ராவின் பெயரால் இன்றும் ஒரு குடியிருப்பு இருக்கிறது. பீரோ அளவில் இருந்த பொறி சட்டைப் பைக்குள் புகுந்துவிட்ட கதையை நாம் விரிக்க வேண்டுவதில்லை.

நம் இளைஞனின் பெட்டியில் கணிப்பொறியும் இசையும் சந்திப்பது மிடி என்னும் ஏற்பாட்டினால். தமிழில் மிடி என்றால் வறுமை. இந்த மிடி அதுவன்று. இசைக்கருவியும் கணிப்பொறியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பொதுமொழி. அமெரிக்கரான டேவ் ஸ்மித், ஜப்பானியரான இகுதாரோ ககேஹாஷி ஆகியோரின் முயற்சியால் உருவாகி, 1983-ஆம் ஆண்டு ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த வாத்தியக் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள்முன் வைக்கப்பட்டது. போட்டியாளர்களான இரண்டு கம்பெனிகளின் கருவிகளை ஒரு கம்பியால் பிணைத்தார்கள்; ஒன்றில் விரல் வைத்தால் மற்றொன்றும் பாடிற்று. கம்பியில் ஓடுவது ஒலியன்று, வெறும் எண்கள். எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தமாக, எப்போது தொட்டது, எப்போது விட்டது என்ற விவரமே. கட்டைகளுக்கு 128 எண்கள், பாதைகள் 16.

இந்த மொழியில் ஒரு கருவி மற்றொன்றை "நீ யார்?" என்று கேட்கவும் வழி உண்டு. கேட்கப்பட்ட கருவி, தன்னைச் செய்த கம்பெனியின் எண், தன் இனம், தன் மாதிரி, தன் பதிப்பு ஆகியவற்றை வரிசையாகச் சொல்லும். கோயிலில் முதலில் நடந்த உரையாடலும் ஏறக்குறைய இப்படித்தானே இருந்தது! அந்தக் கருவி என்ன பாடும் என்பதை அந்த விடையிலிருந்து அறிய முடியாது.

என்ன பாடும் என்பதில்தான் நம் இளைஞனுக்குத் தொல்லை. மிடியின் கட்டைகள் மேனாட்டு விசைப்பலகையை ஒட்டியவை. ஸ்வரம் ஒரு படியில் ஏறி நிற்கும், அடுத்த படிக்குத் தாவும். நம் இசையோ படிக்கட்டுகளுக்கு இடையிலேயே குடியிருப்பது. தோடியின் சாதாரண காந்தாரத்தை அந்தக் கட்டையில் அழுத்தினால் காந்தாரம் வரும், தோடி வராது. அந்தக் காந்தாரம் ஏறக்குறைய சுத்த ரிஷபத்துக்கும் சுத்த மத்தியமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்க வேண்டியது. இதற்கு மிடியில் ஒரு வழி இருக்கிறது. சுருதியை வளைக்கும் ஒரு கட்டளை. மேலும் கீழுமாகச் சேர்த்து 16,384 நுண்படிகள் அதற்கு உண்டு. வழக்கமாக அது இரண்டு அரைஸ்தானம் மேலேயும் இரண்டு அரைஸ்தானம் கீழேயும் வளைக்கும். காந்தாரத்திலிருந்து இரண்டு கீழே இறங்கினால் சுத்த ரிஷபம். இரண்டு மேலே ஏறினால் சுத்த மத்தியமம். அளந்து வைத்தாற்போல் இடம் சரியாக இருக்கிறது! ஆனால் அந்த இடத்துக்குள் எந்த வேகத்தில், எந்த வளைவில், எங்கே சற்றுத் தங்கி, எங்கே தங்காமல் போவது என்பதை எந்தக் கம்பெனியும் எழுதித் தரவில்லை. வாத்தியக்காரரின் விரலுக்கும் பாடகரின் தொண்டைக்கும் தெரிந்த அந்த வளைவை எண்களாக எழுதுவதற்கே இளைஞன் இரவுகளைச் செலவிட்டுக்கொண்டிருந்தான்.

இத்தகைய முயற்சியில் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 1979-ஆம் ஆண்டில் பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்னும் பொறியாளர் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். அவர் புல்லாங்குழல் வாசிப்பவரும் ஆவார். கச்சேரிக்குப் போகும்போது மேனியெல்லாம் குடமான தம்புராவைத் தூக்கிச் செல்ல வேண்டியிருந்த நிலை, கைப்பெட்டியளவு கருவியால் மாறியது. எம். சுப்பிரமணியன் என்பவர் "காயகா" என்னும் கணிப்பொறி நிரலை எழுதினார். ஸ்வரங்களை எழுத்தில் கொடுத்தால் கமகத்தோடு அது வாசிக்கும். திரையுலகில் 1986-ஆம் ஆண்டு வெளிவந்த "புன்னகை மன்னன்" படத்தில் இளையராஜா கணிப்பொறியின் துணையைக் கையாண்டார். ஏ. ஆர். ரஹ்மானின் கதை யாவரும் அறிந்தது. ஒன்பது வயதில் தந்தையை இழந்த அவர் வீட்டில், தந்தை விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடந்தது. அந்தக் கருவிகளோடு வளர்ந்தவர் 1989-இல் வீட்டோடு சேர்த்து ஓர் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். 1992-இல் "ரோஜா" வெளிவந்தது. இந்தக் கதையைச் சொல்லிப் பிள்ளைகளை விரட்டும் பெற்றோரும் உண்டு, "இப்படித் தட்டிக்கொண்டிருக்கிறாயே, ரஹ்மான் ஆகிவிடுவாயா?" என்று கேலி பேசும் பெற்றோரும் உண்டு. இருவரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். பொழுதுபோக்கு எதுவாகவும் ஆக வேண்டியதில்லை.

ஆனால் அது வாய் திறக்காமல் கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கு அகமதாபாத்தில் ஒரு சான்று உண்டு. 1969-ஆம் ஆண்டில் அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிலையத்துக்கு மூக் என்னும் மின்னணு இசைக்கருவி வந்தது. அமெரிக்க இசைஞர் டேவிட் ட்யூடர் அதனை நிறுவ உதவினார். கீதா சாராபாய், அதுல் தேசாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா முதலியோர் 1972 வரையில் அதில் புதுமையான ஒலிகளை உண்டாக்கி நாடாக்களில் பதிந்து வைத்தனர். பிறகு அந்த நாடாக்கள் நிலையத்திலேயே அடைந்து கிடந்தன. இந்தியாவில் மின்னணு இசை எப்போது தொடங்கியது என்று கேட்டால் பலரும் எண்பதுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லண்டனைச் சேர்ந்த பால் பர்கஸ் என்னும் கலைஞர் அந்த நாடாக்களைக் கண்டெடுத்து, 2023-ஆம் ஆண்டில் அவை இசைத்தட்டாக வெளிவந்தபோது அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங்குக்கும் இதே கதிதான். பத்து ராகங்களை மின்னணுக் கருவிகளில் அவர் 1982-இல் பதிந்த இசைத்தட்டை அன்று வாங்குவாரில்லை. 2010-ஆம் ஆண்டில் மறுபதிப்பு வந்தபின் ஐரோப்பாவில் கொண்டாடினார்கள். அவர் உயிரோடு இருந்து அதைக் கண்டது பெரும் பேறு, 2015-இல் மறைந்தார். அக்காலத்தில் அடுத்த தெருவில் இருந்தவருக்கேனும் இவர்கள் செய்தது தெரிந்திருக்குமா என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது இன்னும் ஒரு வகையில் முக்கியம். நம் பிள்ளைகள் தெருவில் தெலுங்கு பேசுகின்றனர். பள்ளியிலும் தொழிலிலும் ஆங்கிலம். வீட்டில் தமிழ் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் சாப்பாட்டுத் தமிழ். "சாப்பிட்டாயா, தூங்கினாயா" என்பதற்கு அப்பால் தமிழில் பேச அவர்களுக்கு விஷயம் கொடுப்பவர் யார்? அன்று ஸ்கந்தகிரியில் இளைஞன் தன் பெட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது ஆங்கிலச் சொற்களையே தேடினான். பெரியவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். நிற்கும் ஒலிக்குக் கார்வை என்றார். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இழுத்துச் செல்வதற்கு ஜாரு என்றார். இளைஞன் அந்தச் சொற்களைத் தன் நிரலிலேயே பெயராக வைத்துக்கொள்வதாகச் சொன்னான். மொழிக்கு இதைவிட நல்ல இருப்பிடம் வேறு எது?

அடுத்த மாதக் கிருத்திகைக்கு அவன் பெட்டியைத் துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தான். கோயிலுக்குள் வாசிப்பது முறையன்று என்று, கீழே படிக்கட்டு ஓரத்தில், செவியில் மாட்டும் கருவியைப் பெரியவர் காதில் வைத்தான். அவர் கண்ணை மூடிக் கேட்டார். கையால் தொடையில் மெல்லத் தட்டினார். நாமும் ஆவலோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இடம் சரியாகத்தான் இருக்கிறது, தம்பி," என்றார் கடைசியில். "ஆனால் உன் காந்தாரம் கடிகாரப் பெண்டுலம்போல் ஆடுகிறது. ஒவ்வோர் அசைவும் ஒரே அளவு. பாடுகிறவன் மூச்சு விடுவான் அல்லவா?"

இளைஞன் சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்தான். இம்முறை அதில் அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டான். "ஐயா, எங்கே மூச்சு விடுவார் என்று பாடிக் காட்டுவீர்களா? பதிவு செய்துகொள்கிறேன்" என்றான். பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.